தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில்

ஹெல்மெட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் மெல்லிய துணித் தொப்பியை எங்கள் கம்பெனியில் முதலில் போட்டவன் நான். இனி அதைப் போட மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருடம் இருக்கும். என்னைத் தெரிந்தவர்கள் முதலாவதை நம்புவார்கள், இரண்டாவதை நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவன் நான். பத்தாவது வரை படித்தேன். ஐம்பதைத் தொடப் போகிறேன். கூச்சம் மட்டும் இன்னும் போகவில்லை.

அதனால்தான் எழுதி வைக்கிறேன். பிற்பாடு ஒரு நாள் நானே, "அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை" என்று யாரிடமாவது சொல்லிவிடக் கூடாது.

நான் வேலை பார்ப்பது பீன்யா தொழிற்பேட்டையில், பித்தளை வால்வு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். லேத்தில் கடைந்து முடித்த வால்வுகளை நிக்கல் பூச்சுக்கு வெளியே அனுப்புவோம். பூச்சுப் பட்டறைக்கு சாம்பிள் கொண்டுபோவது, போல்ட் தீர்ந்தால் வாங்கி வருவது, கூரியரில் பார்சல் போடுவது என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை யாராவது வெளியே போக வேண்டும். அதற்கென்று ஒரு கம்பெனி பைக் உண்டு. பைக்குக்கு ஒரே ஒரு ஹெல்மெட். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை மூன்று பேர் போடுவோம். ஒருவர் ஸ்டோர் இன்சார்ஜ். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இன்னொருவன் எலக்ட்ரீஷியன், முப்பது வயதுக்காரன், வாயை மூட மாட்டான். மூன்றாவது நான், ஸ்டோர் ஹெல்பர். பேருக்குத்தான் மூன்று பேர். வெளிவேலையில் முக்கால்வாசி என் தலையில்தான்.

அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். உள்ளே இருந்தால் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ஹெல்மெட்டை மாட்டி முன்கண்ணாடியை இறக்கிவிட்டால் நான் யார் என்று எவனுக்கும் தெரியாது. லாரிக்கு நடுவில் பாடிக்கொண்டே போவேன். நல்ல சத்தமாகவே பாடுவேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தால் நானும் வேறு யாரோ பாடுகிற மாதிரி திரும்பிப் பார்ப்பேன்.

கஷ்டம் ஹெல்மெட்டில்தான். இன்சார்ஜ் தலைக்கு ஒரு எண்ணெய் தேய்ப்பார். ஏதோ வேர், ஏதோ இலை எல்லாம் போட்டு வீட்டிலேயே காய்ச்சியது. எலக்ட்ரீஷியன் ஜெல் தடவி முடியை முள்ளு முள்ளாக நிறுத்துவான். இரண்டும் உள்ளே இருக்கிற பஞ்சில் ஊறி, மேலே வெயில் பட்டால் ஒரு வாசனை வரும். எழுதிக் காட்ட முடியாது. கொஞ்ச நாளில் என் தலையில் பொரிப் பொரியாகக் கிளம்பியது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் ஒரு களிம்பு கொடுத்து, "அடுத்தவங்க ஹெல்மெட் போடறதா இருந்தா உள்ள ஒரு காட்டன் கேப் போட்டுக்கோங்க" என்றார்.

மெட்ரோ பாலத்துக்குக் கீழே ஹெல்மெட்டை அடுக்கி வைத்து விற்பவரிடம் அது இருந்தது. பனியன் துணி மாதிரி மெல்லிசு. கறுப்பு. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் காதை மூடாமல் வந்து நிற்கும். இரண்டு வாங்கினேன். ஒன்று தலையில், ஒன்று கொடியில்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றதும் எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணா, ஆபரேஷனா? யாருக்கு, வண்டிக்கா?"

லேத்தில் கடைந்துகொண்டிருந்த டர்னர், மிஷினை நிறுத்தாமலே, "அது இல்லப்பா. அண்ணன் இட்லி ஊத்தறாரு. துணி போடலன்னா தட்டுல ஒட்டிக்கும்" என்றார்.

ஷெட் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் விஷமில்லை, இப்போதும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிறகு இன்சார்ஜ் வந்தார். அவரும் எங்களைப் போலத் தமிழ் வீட்டுக்காரர்தான். ரொம்ப காலமாக இந்த ஊரில் இருப்பதால் பேச்சில் பாதி கன்னடம் வரும்.

"ஏனப்பா இது? எதுக்கு?"

உண்மையான பதில் நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் எண்ணெய் தாங்கவில்லை, என் தலை புண்ணாகிவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. மேலதிகாரியிடம் அவர் தலை நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? கூசிக்கொண்டு நின்று, கடைசியில் இப்படிச் சொன்னேன்:

"இல்ல சார், என் வேர்வை உங்களுக்கெல்லாம் படக் கூடாதுன்னுதான்."

அவர் என் தோளில் தட்டி, "பரவாயில்ல. ஒள்ளே புத்தி" என்றார். நல்ல புத்தி என்று பாராட்டுகிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் செய்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. என் தலை ஆறியது. தொப்பி பழகிவிட்டது. இட்லி ஜோக்கும் பழசாகிவிட்டது. அப்புறம் இன்சார்ஜ் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கம்பெனியில் எல்லாருக்கும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பத்திரிகை வைத்தார். அது அவருடைய பெரிய மனசு, மறுக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி எனக்கு போன் செய்தார். நான் போய் அழைத்துவந்தேன்.

எங்கள் வீடு ஒரு ரூமும் சமையலறையும். சந்துக்குள் மூன்றாவது திருப்பம். உள்ளே வந்ததும் எதிர்ச் சுவர்தான் கண்ணில் படும். அதில் நீலக் கோட்டுப் போட்டவர் படம். கீழே அலமாரியில் சின்ன புத்தர் சிலை, அதைச் சுற்றி என் மகள் மாட்டிய சீரியல் பல்பு. நாங்கள் என்ன சாதி என்று அந்தச் சுவரைப் பார்த்தாலே யாருக்கும் தெரிந்துவிடும். நாங்கள் அதை மறைத்ததும் இல்லை, தம்பட்டம் அடித்ததும் இல்லை. கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு காபி. "இப்பத்தான்மா குடிச்சிட்டு வந்தேன், வேணாம், வேணாம்" என்றார். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார். நான் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன். படிக்கட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, அங்கேயே நின்று ஒரே மூச்சில் குடித்தார். பாவம், எவ்வளவு தாகம் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

அதற்கு அடுத்த மாதம் விடாத மழை. துவைத்த தொப்பி காயவில்லை, போட்டிருந்தது காலையிலேயே நனைந்துவிட்டது. மழை விட்ட நேரம் பார்த்து, கூரியர் கொடுக்க வெறுந்தலையோடு ஹெல்மெட்டை எடுத்தேன்.

"டோப்பி எல்லப்பா?" என்றார் இன்சார்ஜ், தொப்பி எங்கே என்று.

"ஈரமா இருக்கு சார்."

"அப்ப நீ போகாதே. ஹெல்மெட்டை வை. அவனை அனுப்பறேன்."

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் ஜெல் தலையை அப்படியே உள்ளே நுழைத்துக்கொண்டு போனான். எனக்கோ மனசு நிறைந்துவிட்டது. என் தலைப் புண்ணைப் பற்றி எவ்வளவு அக்கறை!

சாயந்திரம் அதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"கேப்பு இல்லாம போகாதேன்னாரா?"

"ஆமா. தலையில புண்ணு வந்துச்சு இல்ல, அதுக்குத்தான்."

"அந்தப் புண்ணைப் பத்தி அவருகிட்ட சொல்லியிருக்கிறியா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை.

"இல்ல."

"அப்ப அவருக்கு எப்படிய்யா தெரியும்?"

அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அன்னிக்கு நம்ம வூட்ல தண்ணி குடிக்கல. டம்ளரைத் தொடக்கூட இல்ல. நான் பார்த்தேன்."

"அவசரத்துல வந்தாரு. தாகமில்லாம இருந்திருக்கும்."

இதைச் சொன்ன வாயோடுதான் அந்த பாட்டில் ஞாபகம் வந்தது. ஒரே மூச்சில் குடித்த அந்த பாட்டில். வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஐந்து நிமிஷ நடை. ஐந்து நிமிஷத்தில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு தாகமா வரும்?

"எல்லாரையும் கேப்பு போடச் சொல்றாரா, உன்னை மட்டும் சொல்றாரா? அதை மட்டும் பாரு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பார்த்தேன். பார்க்க ரொம்ப நாள் ஆகவில்லை. எலக்ட்ரீஷியன் போட்டுக் கழற்றிய ஹெல்மெட்டை இன்சார்ஜ் அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டு போவார். நான் கழற்றியதை மாட்ட நேர்ந்தால் முதலில் என் தலையைப் பார்ப்பார், தொப்பி இருக்கிறதா என்று. கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பார்வை இருந்ததா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் இல்லை. நான் கவனிக்கிற ஆளாகவே இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுத்தார். உள்ளே ஆறு தொப்பிகள். புதுசு, அதே கறுப்பு.

"மழைக்காலம். ஒண்ணு ஈரமானாலும் இன்னொண்ணு இருக்கும். கம்பெனி செலவு, வெச்சுக்கோ."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எலக்ட்ரீஷியனுக்கு சார்?"

"அவனுக்கு எதுக்கு?"

குரலில் கோபம் இல்லை. என்ன கேள்வி இது என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு எல்லாம் முடிந்துபோனது. அதற்கு மேல் அவருக்காகச் சாக்குச் சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

மெட்ரோவில் திரும்பி வரும்போது அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வந்தது. என் வேர்வை உங்களுக்குப் படக் கூடாது என்று சொன்னது யார்? யாரும் கேட்பதற்கு முன்னாலேயே என்னை நானே ஒரு படி கீழே இறக்கி வைத்துக்கொண்டேன். என் அப்பா மாநகராட்சியில் தெரு கூட்டியவர். வெயிலில் யார் வீட்டு வாசலிலாவது தண்ணீர் கேட்டால், அவர்கள் சொம்பைக் கொண்டுவருவதற்குள் கையைக் குவித்துக் குனிந்து நின்றுவிடுவார். சிலர் சொம்பையே நீட்டியிருக்கிறார்கள். அப்போதும் கையைத்தான் காட்டுவார். "நம்மால அவங்களுக்கு எதுக்குச் சங்கடம்" என்பார். நான் குனியவில்லை. பேன்ட் சட்டை போட்டு, பைக் ஓட்டி, நிமிர்ந்து நின்றுகொண்டே அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அப்பா பிழைப்புக்காகச் சொன்னதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பூச்சுப் பட்டறையிலிருந்து போன். எங்கள் சாம்பிளைப் பார்த்த பிறகுதான் மதியம் வால்வுகளைப் பூச்சுத் தொட்டியில் இறக்குவார்கள். எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று ட்யூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தான். இன்சார்ஜ் என்னிடம் சாம்பிள் பெட்டியை நீட்டினார். நான் ஆறு தொப்பியும் இருந்த கவரை, பிரிக்காமல், அவர் மேஜைமேல் வைத்தேன். ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தேன்.

"டோப்பி?"

"போடல சார்."

"ஏன்?"

"எல்லாரும் போட்டா நானும் போடறேன். இல்லன்னா நானும் போடல."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. டர்னர், மிஷினை நிறுத்திவிட்டார். இட்லி ஜோக்குக்கு நிறுத்தாதவர் இதற்கு நிறுத்தினார்.

"சுத்தத்துக்குத்தானப்பா. இதுல என்ன?" என்றார் இன்சார்ஜ். "நானா கண்டுபிடிச்சேன்? நீயேதானே சொன்னே. உன் வேர்வை எங்களுக்குப் படக் கூடாதுன்னு, நீதானே சொன்னே?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்த பதில் எதுவும் வரவில்லை. ஒன்றரை வருடமாக நாக்கு நுனியில் இருந்ததுதான் வந்தது.

"அது பொய் சார். உங்க எண்ணெய் நாத்தம் தாங்க முடியாமத்தான் போட்டேன்."

ஏணிமேலிருந்து ஒரு சத்தம். எலக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்கி இருமலாக்கிவிட்டான். இன்சார்ஜ் கை தன்னையறியாமல் தலைக்குப் போய்த் திரும்பி வந்தது. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 'தப்பா நெனச்சுக்காதீங்க சார்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

அவர் ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினார். பைக் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எனக்கு வெளிவேலை இல்லை. லேத்துக்கு அடியில் விழும் பித்தளைச் சீவலைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டுகிற வேலை கொடுத்தார். கையில் துடைப்பம். அது அவராக யோசித்துக் கொடுத்ததா, தற்செயலா, எனக்குத் தெரியாது. கூட்டினேன். ஒரு சீவல்கூட மிச்சம் வைக்காமல் கூட்டினேன். துடைப்பம் பிடிப்பதில் எனக்கு வெட்கமில்லை. அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் வாசலில் பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் துடைப்பத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பேன். உள்ளேயே இருந்து இருந்து, நாள் முழுக்க நாலு பேர் பார்வையில் கூட்டிக்கொண்டே இருந்து, நான் பாடியே மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டால் சாவி திரும்பக் கிடைக்கும். அது எனக்கு ஒவ்வொரு நாளும் தெரியும்.

வெளிவேலை எல்லாம் எலக்ட்ரீஷியன் தலையில் விழுந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, உங்க ரெண்டு பேர் நடுவுல என் உயிர் போகுதுண்ணா. ஒரு தொப்பிதானே? தலையில மாட்டிட்டுப் போயிடுங்களேன். எவன் பாக்கப் போறான்?"

"நீ போடுவியா?"

"நான் எதுக்குண்ணா போடணும்?"

சொல்லிவிட்டு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து போகும்போது, "எனக்குத் தோணவே இல்லண்ணா" என்று மட்டும் சொன்னான். எனக்கே தோன்ற ஒன்றரை வருடம் ஆயிற்றே, அவனை என்ன சொல்வது?

கடைசியில் விஷயத்தை அசைத்தது ஒரு மிஷின். எலக்ட்ரீஷியன் கூரியர் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் பெரிய லேத்தில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. பார்க்க ஆளில்லை. முதலாளி ஷெட்டுக்கே வந்து கத்தினார். எலக்ட்ரீஷியன் எதற்குக் கூரியர் கொடுக்கப் போகிறான், ஸ்டோர் ஆள் எதற்குக் குப்பை அள்ளுகிறான் என்று. இன்சார்ஜ், "நாளைக்கு சரி பண்ணிடறேன் சார்" என்றார்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். முதலாளியும் நின்றிருந்தார். மேஜைமேல் ஒரு அட்டைப் பெட்டி. அதிலிருந்து ஒரு புது ஹெல்மெட்டை எடுத்தார். வெள்ளை, நல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. நான் அதுவரை போட்டதிலேயே விலையுயர்ந்தது அதுவாகத்தான் இருந்திருக்கும். பின்பக்கம் சிவப்பு பெயிண்டில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு புள்ளி.

"இவனுக்குன்னு புதுசே வாங்கிட்டேன் சார். இனிமே டோப்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிரச்சினை முடிஞ்சுது" என்றார். "புள்ளி வெச்சிருக்கேன், மாறிப்போகாது."

முதலாளி, "நல்லதாச்சு. எடுத்துக்கோப்பா" என்றார்.

நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று தனியாக டம்ளர் வைத்திருந்த காலத்தைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். அந்த டம்ளர் புதுசா பழசா என்று யாராவது கேட்டார்களா?

"சார், அவங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா வாங்கியிருக்குதா?"

"அவங்களுக்குப் பழசு இருக்குதே" என்றார் இன்சார்ஜ்.

"அப்ப எனக்கும் பழசு இருக்குது சார்."

முதலாளிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னப்பா நீ? புதுசு குடுத்தா வேணாங்கறே. கிறுக்கா உனக்கு?"

"வேணாங்கல சார். இதுவும் அதே ஆணியில தொங்கட்டும். வண்டி எடுக்கிறவன் எது கைக்கு வருதோ அதை மாட்டிக்கிட்டுப் போகட்டும். எனக்கு மட்டும்னு எதுவும் வேணாம்."

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு இன்சார்ஜைப் பார்த்தார், பிறகு அந்தப் புள்ளியைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் காதில் விழும், விழுந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "என்னமோ பண்ணித் தொலைங்க. வண்டி ஓடணும், எனக்கு அவ்வளவுதான்" என்று சாவியை இன்சார்ஜ் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்டோர் அலமாரியில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் இருந்தது. ஒரு பழைய துணியில் நனைத்து அந்தச் சிவப்புப் புள்ளியைத் துடைத்தேன். சுலபத்தில் போகவில்லை. முதலில் பரவி, வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகி, இன்னும் அசிங்கமானது. விடாமல் தேய்த்தேன். டர்னர் தன் இடத்திலிருந்து இன்னொரு துணியைத் தூக்கிப் போட்டார். புள்ளி போனதும் புது ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினேன். பழசை எடுத்து, தொப்பி இல்லாமல், அந்த எண்ணெய், அந்த ஜெல், எல்லாவற்றோடும் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். என் வேர்வையும் அதில் சேரட்டும் என்றுதான் கவிழ்த்தேன்.

அன்று பூச்சுப் பட்டறைக்குப் போகும் வழியில் பாட வாயெடுத்தேன். குரல் வரவில்லை. திரும்பி வரும்போது வந்தது.

இப்போது ஆணியில் இரண்டு ஹெல்மெட் தொங்குகிறது. புதுசை எலக்ட்ரீஷியன்தான் ஓடிப் போய் எடுத்துக்கொள்கிறான். "நீங்கதானேண்ணா எது கைக்கு வருதோன்னு சொன்னீங்க" என்கிறான். அதுவும் இதற்குள் ஜெல் நாற ஆரம்பித்துவிட்டது. இன்சார்ஜ் தன் வீட்டிலிருந்து ஒரு ஹெல்மெட் கொண்டுவந்து பீரோமேல் வைத்திருக்கிறார். அதை வேறு யாரும் தொடக் கூடாது. அது அவர் தலை, அவர் இஷ்டம். தனியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் தன்னைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். அந்த வேலையை என் தலையில் கட்ட வேண்டாம், அவ்வளவுதான் நான் கேட்டது.

ஒரே ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. எனக்கு அந்தத் தொப்பி நிஜமாகவே பிடிக்கும். வெயிலுக்கு இதமாக இருக்கும். தலையில் மறுபடி பொரி வந்து இப்போது மறுபடி களிம்பு தடவுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், என் காசில் நான் வாங்கிய பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குள் வந்தேன். இன்சார்ஜ் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு திருப்தி. வழிக்கு வந்துவிட்டான் என்று. அங்கேயே கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். டாக்டரிடம், "கேப் போடறதில்ல டாக்டர், வேற மருந்து குடுங்க" என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. அரிப்பை நான் தாங்கிக்கொள்வேன். தொப்பியை மனைவி ஒட்டடை அடிக்கும்போது போட்டுக்கொள்கிறாள்.

இன்சார்ஜ் இப்போது என்னோடு வேலையைத் தவிர எதுவும் பேசுவதில்லை. முன்பெல்லாம் காலையில் அவர் எதிரில் வந்தால், பார்க்காத மாதிரி ராக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பேன், கூச்சத்தில். இப்போது அவர் உள்ளே வந்ததும் நேராகப் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "குட் மார்னிங் சார்" என்கிறேன். முதல் சில வாரம் அவர் பைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் மேஜைக்கு எதிரில் அப்படியே நிற்பேன், பதில் வரும் வரைக்கும். ஷெட்டே பார்க்கும். எனக்குக் காது சூடாகும், கை வேர்க்கும், ஆனாலும் நகர மாட்டேன். பிறகு "ம்" என்று வர ஆரம்பித்தது. போன வாரம் "மார்னிங்" வந்தது. குட் இன்னும் வரவில்லை. நாளைக்கும் போய் நிற்பேன்.